காத்திருந்து வாங்கிய காரும் கணக்கு எழுதிய நோட்டும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது தயங்கினேன். சோழர் செப்பேடு பற்றியும் சிலம்பு பற்றியும் எழுதத் தகுதியுடைய பெரியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அடியேனுக்குத் தெரிந்ததெல்லாம் கார்தான். "அப்ப கார் பத்தியே எழுதுங்க சார், அதுவும் வரலாறுதானே" என்றார். யோசித்துப் பார்த்தேன். டெல்லிக்குப் பிழைக்க வந்த நம்மவர் வாழ்க்கையில் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், கோயில் இவற்றுக்கு அடுத்தபடியாக வந்தது கார். அது எப்படி வந்தது, எத்தனை காலம் இருந்தது, ஏன் போனது என்பதில் இந்த நாட்டின் வரலாறும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

எங்கள் குடும்பத்தில் இரண்டு வண்டிகள். ஒன்று, என் தந்தையார் 1971-ல் வாங்கிய ஃபியட். மற்றொன்று, நான் 2000-ல் வாங்கிய மாருதி 800. மூத்தது இன்றும் ஸ்ரீரங்கத்தில் ஓடுகிறது. இளையது மாயாபுரியில் பழைய இரும்பாகிவிட்டது. பெரியவர் இருக்க, சிறியவர் போனது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் எழுந்ததே இக்கட்டுரை.

மூன்று ஊர், மூன்று வண்டி

விடுதலைக்கு முன்பே இந்தியாவில் கார் பூட்டும் தொழிற்சாலைகள் இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து பம்பாயில் இயங்கியது. ஃபோர்டு நிறுவனமும் 1920-களிலேயே இங்கு வந்துவிட்டது. ஆனால் இவர்கள் செய்தது வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டிக் கொடுப்பது மட்டுமே. 1953-ல் கட்டணக் குழுவின் பரிந்துரையை ஏற்ற மத்திய அரசு, படிப்படியாக உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. அயல் கம்பெனிகள் கடையைக் கட்டின.

மிஞ்சியவர்கள், கார் வாங்கும் குடும்பங்களைப் பொறுத்தவரை, மூவர். கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் பிர்லா குழுமத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாய் குர்லாவில் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். உத்தரபாராவிலிருந்து பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசிடர் வந்தது. குர்லாவிலிருந்து இத்தாலியின் ஃபியட் 1100 வந்தது. 1970-களில் அதற்கே பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. நம்ம ஊர் வண்டலூர் கொடுத்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-ல் தயாரிப்பு தொடங்கிய இந்த வண்டியின் முன்பக்கம் முழுவதும் பெட்டியின் மூடிபோல முன்னோக்கித் திறக்கும். இரண்டு கதவு வண்டியாக வந்து, பிறகு இந்தியக் குடும்பத்துக்காக நான்கு கதவு ஆனது. இங்கிலாந்தில்கூட இல்லாத வடிவம் அது!

ஆக, அந்தக் காலத்தில் கார் தேர்ந்தெடுப்பது என்றால் மூன்றில் ஒன்று. மாமா, அத்தை, பாட்டி என்று ஏழெட்டுப் பேர் ஏற வேண்டுமானால் அம்பாசிடர். கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்ததால் முன்சீட்டிலேயே மூன்று பேர் உட்காரலாம். நகரத்துக்குள் லேசாக ஓட்ட, பெட்ரோல் கொஞ்சம் மிச்சப்பட வேண்டுமானால் ஃபியட். தெற்கே இருந்து ஹெரால்டு ஓட்டி வந்தவர்களும் கரோல்பாகில் இருந்தார்கள். ஆனால் உதிரி பாகத்துக்கு ஊருக்குக் கடிதம் போட வேண்டியிருந்தது. "எந்தக் கார் நல்ல கார்?" என்று யாராவது கேட்டால் அன்றைய பெரியவர்கள் சொன்ன பதில், "எதுக்கு காஷ்மீரி கேட்ல சாமான் கிடைக்குதோ அது". இந்த ஒரு வரியை மட்டும் மறக்காதீர்கள். பின்னால் தேவைப்படும்.

கிடைக்குமா?

மூன்றில் ஒன்றை முடிவு செய்தாலும் உடனே கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, எஃகுத் தட்டுப்பாடு, எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ் இவையெல்லாம் சேர்ந்து உற்பத்தியை இறுக்கிப் பிடித்திருந்தன. 1959-ல் மோட்டார் கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பெயரைப் பதிவு செய்து, முன்பணம் கட்டி, வரிசை எண் வரும்வரை காத்திருக்க வேண்டும். 1969-ல் விலையையும் அரசே நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின.

என் தந்தையார் 1958-ல் ஒரு அமைச்சகத்தில் எழுத்தராகச் சேர டெல்லி வந்தவர். கரோல்பாகில் ஒண்டுக்குடித்தனம். 1964-ல் ஃபியட்டுக்குப் பெயர் எழுதி வைத்தார். வண்டி வந்தது 1971-ல். "தங்கச்சி பொறக்கறதுக்கு முன்னாடி எழுதி வச்சது, அவ பள்ளிக்கூடம் போன பிறகுதான் வந்துது" என்று அம்மா சொல்வது வழக்கம். பணத்துக்கு அரசு ஊழியர்களுக்கான மோட்டார் கார் அட்வான்ஸ் கைகொடுத்தது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். நம் சங்கத்து மூத்த உறுப்பினர் பலரின் முதல் வண்டி இந்த அட்வான்ஸில் வந்ததுதான். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அது நிறுத்தப்பட்டது.

ஏழு வருடம் காத்திருந்து வாங்கிய வண்டியை ஐந்து வருடத்தில் மாற்றுவார்களா? புது வண்டி வீட்டுக்கு வந்த மறுகணமே அதன் மதிப்பு கூடியது, குறையவில்லை! காத்திருக்க முடியாதவர்கள் ஓடிய வண்டிக்கே அதிக விலை தந்தார்கள். எனவே, கைக்கு வந்த வண்டியைக் கடைசிவரை காப்பாற்றுவது என்பது சிக்கன குணம் மட்டுமல்ல. அந்தக் காலப் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்த பாடம்.

கைவைத்தியக் காலம்

காப்பாற்ற முடிந்ததற்கு இன்னொரு காரணம், வண்டியின் அமைப்பு எளிது. கார்புரேட்டர், இஞ்சினே தள்ளிவிடும் பெட்ரோல் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு காண்டாக்ட் பாயிண்ட், பக்கத்தில் ஒரு கண்டென்சர். வண்டி நின்றுவிட்டால் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: பெட்ரோல் வருகிறதா? கரண்ட் வருகிறதா? பிளக்கைக் கழற்றி உடம்பில் தொடவைத்து செல்ஃப் அடித்தால் பொறி தெரியும். பொறி இல்லாவிட்டால் பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்து இடைவெளி சரிசெய்தால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். இதையெல்லாம் கரோல்பாகில் கணக்கு அலுவலகத்துக் குமாஸ்தாக்களே செய்தார்கள்.

டெல்லி மே மாத வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்ப் இழுக்காமல், எந்தக் கார்புரேட்டர் வண்டியும் சிக்னலில் நின்றுவிடும். இதற்கு மருந்து, பம்பின்மேல் ஈரத்துணி. அதற்காகவே டிக்கியில் ஒரு பழைய வேட்டித் துண்டும் தண்ணீர் கேனும் இருக்கும். ஜனவரியில் நேர்மாறு. சோக்கை முழுக்க இழுத்தும் பேட்டரி முனகும். ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். பெரிய வேலைக்கு மிஸ்திரி உண்டு. எங்கள் தெரு முனையில் ஒரு சர்தார்ஜி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எந்த வால்வு சத்தம் போடுகிறது என்று சொல்வார். உதிரி பாகத்துக்குக் காஷ்மீரி கேட், பழைய பாகத்துக்கு மாயாபுரி. புதுசுக்கும் பழசுக்கும் நடுவில் இந்த நகரமே ஒரு பெரிய பட்டறையாக இருந்தது.

1978 கோடை விடுமுறை. டெல்லியிலிருந்து ஊர்வரை காரிலேயே போவது என்று தந்தையார் முடிவு செய்தார். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத் வழி. குவாலியரைத் தாண்டி ஜான்சிக்கு முன்னால், நிழலே இல்லாத இடத்தில், ஃபேன் பெல்ட் அறுந்தது. ரேடியேட்டர் கொதிக்கிறது, பின்சீட்டில் நாங்கள் மூன்று குழந்தைகள், பாட்டி. மாற்றுப் பெல்ட் இல்லை. ஒரு லாரிக்காரர் தந்தையாரை அடுத்த ஊருக்கு ஏற்றிக்கொண்டு போய், மாலையில் பெல்ட்டோடு திரும்பக் கொண்டுவந்து விட்டார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அன்றிரவு தர்மசாலையில் தந்தையார் சொன்னது நினைவிருக்கிறது: "வண்டி மேல தப்பில்லடா. பெல்ட் பழசாச்சுன்னு போன மாசமே பார்த்தேன். மறந்துட்டேன்."

ஊர் போய்ச் சேர்ந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். முதல் பக்கத்தில் எழுதிய முதல் வரி: "பெல்ட்: உபரி ஒன்று, எப்போதும்". அதற்குப் பிறகு தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம், என்ன செலவு என்று ஒவ்வொன்றும் அதில் ஏறின. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில். கிரீஸ் அடித்த தேதி. டயர் இடம் மாற்றிய தேதி. நாற்பது பக்கம் நிறைந்து, அடுத்தது, அதற்கடுத்தது என்று இன்றைக்கு ஐந்து நோட்டுகள்.

எதை எடுக்கலாம்?

1983 டிசம்பர் 14 அன்று எல்லாம் மாறத் தொடங்கியது. குர்காவ்ன் தொழிற்சாலையில் முதல் மாருதி 800-இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி ஹர்பால் சிங் என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரிடம் கொடுத்தார். குலுக்கலில் விழுந்த அதிர்ஷ்டம் அவருக்கு. 796 சிசி இஞ்சின், ஜப்பானின் சுசுகியோடு கூட்டு. முன்பதிவு செய்தவர்களோ லட்சத்துக்கு மேல்! இங்கேயும் வரிசைதான், ஆனால் வரிசை நகர்ந்தது.

1993-ல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதே ஆண்டு இறுதியில் டாடா இண்டிகா. ஒரு காலத்தில் வண்டலூர் ஹெரால்டுக்கு உதிரி பாகம் தேடி அலைந்த டெல்லித் தமிழன், இப்போது சென்னைப் பக்கத்தில் செய்த வண்டியைக் கரோல்பாக் ஷோரூமிலேயே வாங்கினான்.

மூத்த வண்டிகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஸ்டாண்டர்டு 1980-களின் இறுதியில் மூடியது. அம்பாசிடரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. மாருதி 800-உம் அதே ஆண்டு ஜனவரியில் நின்றுவிட்டது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளில் கடைசியாகப் பதிவானதன் காலம் 2023 அக்டோபரில் முடிந்தது.

தேர்வு பெருகப் பெருக, பராமரிப்பு நம் கையை விட்டுப் போனது. கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், பாயிண்ட் போய்க் கம்ப்யூட்டர். வண்டி நம்பிக்கையாக ஓடுகிறது என்பது உண்மை. பழையதை நினைத்துப் பெருமூச்சு விடுபவர்கள் ஜனவரியில் ஹேண்டில் சுற்றியதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. சர்தார்ஜியின் காது போதவில்லை. அவர் மகன் டென்டிங்-பெயின்டிங்குக்கு மாறிவிட்டார்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

மூன்றாவது கட்டம் காற்றிலிருந்து வந்தது. 1995-ல் பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வந்தன. ஈயம் போனதும் சில பழைய இஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேய்ந்தன; ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் பொருத்தினார்கள். 1998-ல் உச்ச நீதிமன்றம் டெல்லியின் பேருந்துகளை சி.என்.ஜி.க்கு மாறச் சொன்னது. 2000-ல் தலைநகரில் யூரோ-2 தரம். நாடு முழுவதும் பி.எஸ்.-6 வந்தது 2020 ஏப்ரலில்.

தரம் புது வண்டிக்குப் பொருந்தியது. பழையதற்கு வந்தது வயது வரம்பு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் 15 ஆண்டைக் கடந்த வண்டிகளையும், 2015 ஏப்ரலில் 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளையும் தலைநகர்ச் சாலைகளிலிருந்து விலக்கியது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. என் மாருதிக்கு 2015-ல் வயது 15. ஓடியது 68,000 கிலோமீட்டர்தான். இஞ்சினில் ஒரு சொட்டு ஆயில் கசிவு கிடையாது. ஊருக்கு அனுப்பலாம் என்று யோசித்தோம். செலவும் அலைச்சலும் வண்டியின் மதிப்பைத் தாண்டின. மாயாபுரிக்குப் போனது. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஃபியட் தப்பியது எப்படி? 1994-ல் தந்தையார் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கம் திரும்பியபோது என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு எண் போட்டுக்கொண்டு போய்விட்டார். அங்கே 15 ஆண்டு கடந்த வண்டிக்கும் தகுதி பார்த்து, வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஒவ்வொரு முறையும் ஆய்வாளர் முன்னால் அவர் வைத்தது அந்த நோட்டுகளைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2021-ல் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, 50 ஆண்டைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய வழி செய்தது. அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம். ஆக, தலைநகரில் 15 வயதில் குப்பை, 50 வயதில் பொக்கிஷம். நடுவில் உள்ள 35 ஆண்டுகளை வண்டி எங்கே கழிக்கும்? முதல் மாருதியேகூட இன்று கம்பெனித் தலைமையகத்தில் புதுப்பிக்கப்பட்ட காட்சிப் பொருள்.

ஆனால் ஒருபக்கமாகப் பேசுவது முறையல்ல. நவம்பர் மாதத்து டெல்லிக் காற்றை நாம் எல்லோரும் சுவாசிக்கிறோம். கன்வெர்ட்டர் இல்லாத கார்புரேட்டர் வண்டி, எவ்வளவு அன்பாகப் பராமரித்தாலும், புதியதைவிடப் பல மடங்கு நச்சுப் புகை விடும். என் தந்தையாரின் நோட்டு அதை மாற்றாது. கேள்வி, கோட்டை எங்கே போடுவது என்பதே. 2025 ஜூலையில் வயது கடந்த வண்டிக்குப் பெட்ரோல் மறுக்கும் ஏற்பாடு சில நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணமாகக் கொண்டு கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. வயதிலிருந்து தரத்துக்கு அரை அடி நகர்ந்திருக்கிறோம். தரத்தோடு உடல்நிலையையும் கருவி வைத்துச் சோதித்து முடிவு செய்யும் நாள் வந்தால், நோட்டு எழுதியவனுக்கும் எழுதாதவனுக்கும் வித்தியாசம் தெரியும்.

இனி வாங்குவோருக்கு

போன மாதம் என் மகன் கேட்டான்: "அப்பா, என்ன கார் எடுக்கலாம்?" அவனுக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன்.

முதலில், பத்து ஆண்டுக்குப் பிறகு எந்த ஊரில் இருப்பாய் என்று யோசி. தலைநகர்ப் பகுதி என்றால் டீசல் வேண்டாம். மாற்றல் உள்ள வேலை என்றால் 2021-ல் வந்த பாரத் வரிசை எண்ணுக்குத் தகுதி உண்டா என்று பார். இல்லாவிட்டால், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். கட்டிய வரியைப் பழைய மாநிலத்திலிருந்து திரும்பப் பெறுவது தனிக் கதை.

இரண்டாவது, பெரியவர்கள் சொன்ன காஷ்மீரி கேட் விதி. நீ இருக்கும் ஊரிலும் சொந்த ஊரிலும் சர்வீஸ் இருக்கிறதா? 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது அதன் வண்டி வைத்திருந்தவர்கள் முதலில் கேட்டதும் உதிரி பாகத்தைப் பற்றித்தான். மூன்றாவது, 2023 முதல் பாரத் என்கேப் மோதல் சோதனை நடக்கிறது; சன்ரூஃபைப் பார்ப்பதற்கு முன் அந்த நட்சத்திரத்தைப் பார்.

பழைய வண்டி வைத்திருப்போர் எத்தனாலைக் கவனிக்க வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது பரவலாகிவிட்டது. அதற்கென்று செய்யாத வண்டியில் ரப்பர் குழாய், வாஷர் கெடலாம். ஈரம் இழுத்து டாங்க் துருப்பிடிக்கலாம். எங்கள் ஃபியட்டுக்குக் குழாய் முழுவதும் மாற்றியாகிவிட்டது. எந்த வண்டியையும் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை சூடேறும்வரை ஓட்டுங்கள். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டை தேயாவிட்டாலும் டயருக்கு வயதாகும்.

கடைசியாக, ஒரு நோட்டு போடு என்றேன். "எல்லாம் ஆப்லயே இருக்குப்பா" என்றான். இருக்கலாம். ஆனால் ஆப் அவனுடையதல்ல, நோட்டு எங்களுடையது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் கார் பதிவு செய்த ரசீது, ஒதுக்கீட்டுக் கடிதம், கார் அட்வான்ஸ் ஆணை, காஷ்மீரி கேட் பில் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சங்க நூலகத்துக்கு ஒரு நகல் கொடுங்கள். நம்மவர் இந்த நகரத்தில் எப்படிக் காத்திருந்தார்கள், எதைக் கட்டிக் காப்பாற்றினார்கள் என்பதற்கு அவையே சான்று. என் பங்குக்கு ஐந்து நோட்டுகளின் நகலைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்து முதல் வரியைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "என் வண்டில உபரி பெல்ட் இருக்கான்னு தெரியலையே சார்?"